மாப்பிள்ளை காருக்கு எந்த சைலென்சர்?

ஒரு பழைய காரின் சைலென்சரை மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தபோது நான் வேண்டாம் என்று சொன்னேன். அப்படிச் சொல்ல வைத்தது நான் படித்த படிப்பா, என் வயிற்றெரிச்சலா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. சின்னவனுக்குச் சோறு ஊட்டும்போது படிப்புதான் என்று தோன்றும். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் வயிற்றெரிச்சல்தான் என்று தோன்றிவிடும்.

ஒர்க்‌ஷாப் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், "அக்கா, உங்க அனுபவத்த எழுதுங்க" என்று கேட்டீர்கள். அனுபவம் எழுதுகிற வயது எனக்கு இன்னும் வரவில்லை. சால்வை போர்த்தி வழியனுப்பப்பட்டு ஓய்வுபெற்ற ஆளும் இல்லை நான். இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் எழுதச் சொன்னால் மறுக்கத் தெரியாது. எழுதிவிட்டு, எழுதியிருக்க வேண்டாமோ என்று நினைக்கத் தெரியும்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். வண்டி கொண்டுவருபவர் சொல்லும் குறையைக் கேட்டு, என்ன வேலை செய்வது என்று முடிவெடுத்து, மெக்கானிக்கிடம் சொல்லி, வேலை முடிந்ததும் அவருக்குப் புரியும்படி விளக்கி அனுப்புவது என் பொறுப்பு. நீங்கள் செய்யப்போவதும் அதுதான். எந்த நட்டை எவ்வளவு முறுக்குவது என்பதை மெக்கானிக் அண்ணன்கள் சொல்லித் தருவார்கள். எதிரே வாடிக்கையாளர் நிற்க, பக்கத்தில் இன்னொருத்தி உங்களைவிடக் கெட்டிக்காரியாக நிற்க, அந்த நேரத்தில் எப்படி முடிவெடுப்பது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

அந்த இன்னொருத்தியின் பெயர் சுகன்யா.

அரியலூர்ப் பெண். எனக்குப் பிறகு சேர்ந்தவள், என்னைவிட இளையவள், கல்யாணம் ஆகாதவள். ஆறு மணிக்கு மேல் ஒரு வண்டி வந்தால் அவள் இருப்பாள். நான் ஐந்தரைக்கே பையை மாட்டிக்கொண்டு, மகள் இனியாவை அழைத்துவர ஓடுவேன். காலையில் நான் உள்ளே நுழையும்போது, நேற்று மாலை வந்த வண்டியைப் பற்றி ஓனர் அண்ணனும் சுகன்யாவும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியாது. யாரிடமும் அதற்கு விளக்கம் கேட்கவும் முடியாது. சுகன்யாவின் சட்டையில் கிரீஸ் படாது. லாரி டிரைவர்கள் ரோட்டில் போகும்போது அவளுக்காக ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். அரும்பாவூர்ப் பக்கமிருந்து வரும் விவசாயி ஒருவர் அவளுக்குச் சின்ன வெங்காயம் கொண்டுவந்து கொடுப்பார். எனக்கும் வீட்டில் வெங்காயம் வேண்டியிருந்தது. என்னிடம், "சுகன்யா இல்லீங்களா?" என்றுதான் கேட்பார்.

அவள் வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர், கதவுப் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம் வருகிறது என்று காரை விட்டுப் போனார். நான் ஓட்டிப் பார்த்தேன், மெக்கானிக்கை ஓட்டச் சொன்னேன், சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். எந்தச் சத்தமும் இல்லை. அவர் வந்ததும், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றேன். சுகன்யா சாப்பாட்டுப் பையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"சார், சத்தம் ஒங்களுக்குக் கேக்குதா, வூட்ல சொன்னாங்களா?"

"என் மனைவிதான் சொல்லிக்கிட்டே இருக்காங்க."

"அவங்க எங்க உக்காருவாங்க?"

"பின்னாடி. எடது பக்கம், பையனோட."

அவள் போய் அங்கே உட்கார்ந்தாள். அவரையே ஓட்டச் சொன்னாள். தெருமுனை போய்த் திரும்புவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். பையன் கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் ஒரு கோலிக்குண்டைப் போட்டிருக்கிறான். அதை எடுத்து என் மேசையில் உருட்டிவிட்டு, "இந்தாங்கக்கா, பாப்பாவுக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று முழுவதும் எனக்கு நெஞ்சு எரிந்தது.

குறை சொல்பவர் எந்த இருக்கையில் இருந்து சொல்கிறாரோ அந்த இருக்கையில் போய் உட்காருங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அவளிடமே அதைத் திருப்பிப் பிரயோகிப்பேன் என்று அப்போது நினைக்கவில்லை.

இனி அந்தப் பழைய கார். லப்பைக்குடிக்காடு சாகுல் பாயின் கான்டெசா. நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ, நீண்ட மூக்கும் அகன்ற பின்சீட்டும் உள்ள அந்தக் கால கார். இந்தப் பக்கத்தில் அதைக் கப்பல் வண்டி என்பார்கள். பாய் வளைகுடாவில் ஒரு பணக்காரர் வீட்டில் டிரைவராக இருந்தவர். அந்த வீட்டில் வரிசையாகப் பழைய கார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து வைப்பது பாயின் வேலை. ஷெட்டுக்குள் நிறுத்தியபடியே ஸ்டார்ட் செய்யலாம். ரோட்டில் எடுத்துப்போக அனுமதி இல்லை. ஊர் திரும்பியதும் அவர் வாங்கிய முதல் பொருள் இந்த கான்டெசா.

கல்யாணம் என்று யார் கேட்டாலும் வண்டியைக் கொடுத்துவிடுவார். வாடகை கிடையாது. நிக்காஹ் ஊர்வலமோ, மாப்பிள்ளை அழைப்போ, எந்த ஊராக இருந்தாலும் கான்டெசா வரும். மாப்பிள்ளை வந்தாரா என்று கேட்பதற்குமுன் கப்பல் வண்டி வந்துவிட்டதா என்று கேட்பவர்கள் உண்டு.

ஒரு நாள் பாய் வண்டியை எங்களிடம் கொண்டுவந்தார். சைலென்சர் துருப்பிடித்து, இணைப்புகளில் ஓட்டை விழுந்திருந்தது. மாற்றியே ஆகவேண்டும். பழைய மாதிரியே போடுவதா, புது மாதிரிக்குப் போவதா என்பதுதான் கேள்வி.

சுகன்யா ஏற்கெனவே பாயிடம் பேசி வைத்திருந்தாள். திருச்சியில் ஒருவர் ஸ்டெயின்லெஸ் பைப்பை வளைத்துக் கொடுப்பார். பழையதைவிடப் பெரிய விட்டம், உள்ளே தடுப்பு குறைவு. பைப் வண்டியின் வால்பக்கம் வரை போகாமல், இடது பக்கம் பின்கதவுக்குக் கீழே முடிந்துவிடும். எஞ்சின் இலகுவாக மூச்சு விடும், சத்தம் அடிவயிற்றிலிருந்து வரும். போனில் அதேபோன்ற ஒரு காரின் சத்தத்தை அவள் போட்டுக் காட்டியபோது பாய் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாஷா அல்லாஹ். இதான்மா. இதத்தான்மா சொல்லிக்கிட்டிருந்தேன். அம்புட்டு வருசமும் அடுத்தவன் வண்டி கத்துறதக் கேட்டுட்டு வந்தவன் நான். அந்த ஆளப் பாத்து எனக்கு எம்புட்டு ஹசது தெரியுமா? பொறாமம்மா, பொறாம. என் வண்டி ஒரு நாளாச்சும் அப்படிக் கத்தணும்."

ஓனர் அண்ணன் தலையாட்டினார். மெக்கானிக்குகள் போனைச் சுற்றி நின்றார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. நான், "வேண்டாம் பாய்" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஏன் கவிதா?" என்றார் ஓனர் அண்ணன்.

ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் நம்பவேண்டும், வாய் முந்திக்கொண்டது. "சத்தம் அதிகமானா போலீஸ்ல பிடிப்பாங்க" என்றேன்.

"அளவுக்குள்ளதான்க்கா இருக்கும், நான் கேட்டுட்டேன்" என்றாள் சுகன்யா. பிறகு பாயிடம் திரும்பி, "அக்காவுக்கு சத்தம்னாலே ஆகாது பாய். வூட்ல பாப்பா முழிச்சிக்கும்ல" என்றாள்.

மறுபடி அந்தச் சிரிப்பு. வேண்டாம் என்று சொல்வதற்குமுன் காரணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இல்லாமல் சொல்லும் 'வேண்டாம்' என்பதை எதிரில் இருப்பவர் மோப்பம் பிடித்துவிடுவார்.

"ஞாயித்துக்கெழம அரும்பாவூர்ல ஒரு மாப்ள அழைப்பு இருக்கு. வாக்குக் குடுத்துட்டேன்" என்றார் பாய். "அது முடிஞ்சதும் வண்டிய விட்டுடுறேன். அதுக்குள்ள நீங்க பேசி முடிவு பண்ணுங்க." அதுவரைக்கும் ஓட்டைகளை ஏதோ சுற்றி அடைத்து அனுப்பினோம்.

அரும்பாவூர்க் கல்யாணம் என் கணவரின் சித்தப்பா மகன் கல்யாணம். நாங்களும் போகவேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் பிள்ளையார் கோவில் வாசலில் கான்டெசா வந்து நின்றபோது கூட்டம் ஓ என்று கத்தியது. டிரைவர் சீட்டிலிருந்து இறங்கியவள் சுகன்யா. மாம்பழ நிறப் பட்டுப் புடவை, தலையில் கனகாம்பரம். பாய்க்கு முட்டிவலி, அதனால் அவளை ஓட்டச் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை என்பதுதான் குத்தியது.

ஊர்வலம் கிளம்பியது. மாப்பிள்ளை முன்சீட்டில் சுகன்யாவுக்குப் பக்கத்தில். மேளம் முன்னால், கார் பின்னால், நடக்கிற வேகத்துக்கும் குறைவாக. அலங்காரக்காரர்கள் பின்பம்பரை மறைத்துத் தரைவரை பூச்சரத் திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். சீரியல் லைட்டுக்கான பேட்டரியை டிக்கியில் வைத்து, ஒயர் வெளியே வருவதற்காக டிக்கியை முழுதாக மூடாமல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். சரவெடி வெடிப்பதால் பின்கதவுக் கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. இதையெல்லாம் நான் பார்த்தேன். பார்த்து ஒன்றும் நினைக்கவில்லை. நான் நினைத்ததெல்லாம், ஊரில் உள்ள அத்தனை பேரும் போனை அவள் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே என்பதுதான்.

என் மாமியார் வாயைப் பிளந்து பார்த்தார். "பொம்பளப் புள்ள என்னமா ஓட்டுது பாரு, அலுங்காம. நீயுந்தான் அதே கடையில வேல பாக்குற. ஒரு நாளு நம்ம வூட்டு வாசல்ல இப்படி வந்து எறங்கியிருப்பியா?"

"எனக்கு அடுப்பு வேல இருக்குதுங்க அத்தை" என்றேன்.

"அது யாருக்குத்தான் இல்ல" என்றார்.

இனியா என் கையை உதறினாள். "நான் சுகன்யா அத்தை கார்ல போறேன்!" பின்சீட்டில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். சுகன்யா கண்ணாடி வழியாக, "அனுப்புங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள். அனுப்பினேன். தண்ணீர் பாட்டிலையும் மாற்று உடுப்புப் பையையும் தூக்கிக்கொண்டு வழி நெடுக அந்தக் காரின் பின்பக்கத்தையே வெறித்துக்கொண்டு நடந்தேன். என் பிள்ளையும் உள்ளே உட்கார்ந்து அவளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

மண்டபத்து வாசலில் கதவைத் திறந்தபோது இனியா இறங்கவில்லை. தூக்கி இறக்கினேன். முகம் வெளுத்திருந்தது. "தல வலிக்குதும்மா" என்று சொல்லி, என் தோளிலேயே வாந்தி எடுத்தாள். பிறகு கண் சொருகினாள்.

"கண்ணு பட்டுருச்சு" என்றார் மாமியார். "ஊரு கண்ணு அம்புட்டும் அந்த வண்டி மேலதான. புள்ள அதுக்குள்ள உக்காந்திருக்கு." சமையல்கட்டிலிருந்து உப்பும் மிளகாயும் வாங்கிவந்து சுற்றி அடுப்பில் போட்டார். "பாரு, துளி நெடி வரல. எவளோ வயித்தெரிச்சக்காரி கண்ணு."

நான் அங்கேதான் நின்றேன். படித்தவள். புகை என்றால் என்ன, அது எங்கே போகும் என்று பரீட்சை எழுதித் தேறியவள். ஆனால் அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கண் என் கண். பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபம் வரை அந்த வண்டியைப் பார்வையால் எரித்துக்கொண்டு வந்தவள் நான்தானே. அது சுகன்யாமேல் படாமல் என் பிள்ளைமேல் பட்டுவிட்டது. மாமியார் கையிலிருந்த மிச்ச உப்பை வாங்கி நானும் ஒரு முறை சுற்றிப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

பிள்ளையை மண்டபத்தின் பின்பக்கம் காற்றில் தூக்கிப்போய் வைத்துக்கொண்டேன். நெற்றியில் முத்தமிடக் குனிந்தபோதுதான் அவள் தலைமுடியில் மல்லிகை வாசத்தோடு சேர்ந்து அந்த வாசம் வந்தது. நான் தினமும் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோகும் வாசம். பெட்ரோல் புகை.

பின்சீட்டில் இருந்த மற்ற இரண்டு பிள்ளைகளைத் தேடி ஓடினேன். ஒருத்தி வாந்தி எடுத்திருந்தாள், ரோஸ்மில்க் ஒத்துக்கொள்ளவில்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொருத்தன் தூக்கம் என்று பாயில் கிடத்தப்பட்டிருந்தான். சுகன்யா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நெற்றிப்பொட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "மேளச் சத்தம்க்கா, மண்டையப் பொளக்குது." முன்கதவுக் கண்ணாடி இறக்கியிருந்ததால் மாப்பிள்ளை தப்பித்திருந்தார். மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு டாக்டரிடம் போனோம். புகை என்று நான் சொன்னதும் அவர் கேள்வியே கேட்கவில்லை. நல்லவேளை திறந்தவெளிக்குக் கொண்டுவந்தீர்கள் என்று சொல்லி, கொஞ்ச நேரம் வைத்திருந்து பார்த்து அனுப்பினார். இனியா திரும்பி வரும்போது ஐஸ்கிரீம் கேட்டாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

மறுநாள் முகூர்த்தம் முடிந்ததும் வேலைக்குப் போய், அந்தச் சாயங்காலத்தை ஒர்க்‌ஷாப்பில் திரும்ப நடத்தினேன். டிக்கியைப் பாதி திறந்து கயிறு கட்டினேன். பின்பம்பரில் ஒரு படுதாவைத் தொங்கவிட்டேன். பின்கதவுக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இனியா உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தேன். "நடக்குற வேகத்துல சுத்து" என்று சுகன்யாவிடம் சொன்னேன். அவள் முன்கதவுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓட்டினாள். சீக்கிரமே சீட்டின் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்த வாசம் வந்தது. தலை கனத்ததும் நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டேன். இதை நீங்கள் செய்யாதீர்கள். வாசமே இல்லாமலும் அந்தப் புகை ஆளைச் சாய்க்கும். இப்போது அளந்து சொல்லக் கருவி இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

பழைய பைப் வண்டியின் வால்பக்கம் வரை போகிறது. திரை அதை மறைத்துப் புகையை வெளியே போகவிடாமல் தடுக்கிறது. திறந்த டிக்கி புகையை உள்ளே இழுக்கிறது. சீட்டுக்கு அடியில் நாங்கள் சுற்றி அடைத்த ஓட்டையும் மறுபடி திறந்துகொண்டிருந்தது. ஓனர் அண்ணனும் பாயும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்ப என் பைப்புதான்க்கா சரி" என்றாள் சுகன்யா. குரலில் கிண்டல் இல்லை. "பக்கவாட்டுல முடிஞ்சா பின்னாடி பொகையே போகாது. தெர போட்டா என்ன, டிக்கி தெறந்தா என்ன?"

அவள் சொன்னது சரி. அங்கேதான் நான் தடுமாறினேன். பிறகு நேற்று நடந்து வந்தது நினைவுக்கு வந்தது. "எடது பக்கம் யாரு நடந்து வருவாங்க? தட்டு தூக்கிட்டு வர்ற பொம்பளைங்க, பட்டுப்பாவாட கட்டுன புள்ளைங்க. பைப்பு அவங்க கெண்டைக்கால் ஒசரத்துல இருக்கும். நடக்குற வேகத்துல அது எம்மாஞ்சூடு ஆவும்? பொக நேரா எங்க போவும்?"

"கல்யாணத்துக்கு என்னிக்கோ ஒரு நாள் போவுது. மிச்ச நாளெல்லாம் பாய் ஒண்டியா ரோட்டுல ஓட்டுறாரு. அவரு ஆசைக்கு ஒண்ணும் கெடயாதா? வாந்தி வந்தது பழைய பைப்பால. என் பைப்ப இன்னும் போடவேயில்லயேக்கா. அது மேல எதுக்குப் பழி?"

நான் பாய் பக்கம் திரும்பினேன். "எம்புள்ள என் தோள்லயே சாஞ்சிருச்சு பாய்" என்றேன்.

அதோடு பேச்சு முடிந்துவிட்டது. பாய் தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மடித்தார். "அல்லாஹ் காப்பாத்துனான். பழைய மாதிரியே போட்டுருங்கம்மா. புள்ளைங்களுக்கு மேல என்ன சத்தம்." பழைய விட்டத்திலேயே, பின்பம்பரைத் தாண்டி நீளும்படி புதுப் பைப் போட்டோம். டிக்கி மூடியே இருக்கவேண்டும், பின்னால் எதுவும் தொங்கவிடக் கூடாது என்று நானே அலங்காரக்காரர்களுக்குப் போன் செய்து சொன்னேன்.

வண்டியை எடுக்க வந்த அன்று பாய் ஸ்டார்ட் செய்துவிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். சமத்தான, அடங்கின சத்தம். ஆபீஸ் போகிற கார் போல. "நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சுகன்யா உள்ளே போய் டீ குடித்தாள். நான் ஜெயித்திருந்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்தபோது, கையில் ஒரு நல்ல காரணம் இருந்தபோது எதற்காகப் பிள்ளையைக் காரணமாக எடுத்து வைத்தேன் என்று யோசித்தேன். பைப் சூடு என்று சொல்லியே பேசியிருக்கலாம். அதற்கு அவளிடம் பதில் இருந்திருக்கும். பிள்ளை என்றால் அவளால் ஒன்றும் சொல்ல முடியாது. அவளுக்குப் பிள்ளை இல்லை.

சூடு, புகை, கெண்டைக்கால் எல்லாம் உண்மை. ஆனால் அவை எனக்குத் தெரிவதற்கு முன்பே, போனில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த அந்த நிமிடத்திலேயே நான் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டதே. பிறகு தேடிக் கண்டுபிடித்த காரணம் முதலில் சொன்ன வார்த்தையைச் சுத்தமாக்கிவிடுமா?

வாடிக்கையாளரிடம் எவ்வளவு வேகமாக ஓட்டுவீர்கள் என்று கேட்காதீர்கள், எங்கே மிக மெதுவாக ஓட்டுவீர்கள் என்று கேளுங்கள். இதை நான் யாரிடமும் தைரியமாகச் சொல்வேன். பொறாமையோடு இருக்கும்போது முடிவெடுக்காதீர்கள் என்றும் சொல்ல ஆசைதான். அப்படிப் பார்த்தால் சுகன்யா இருந்த காலம் முழுவதும் நான் ஒரு வேலையும் செய்திருக்க முடியாது.

பிறகு அவள் வேலையை விட்டுவிட்டு அரியலூரில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்தாள். பழைய கார்கள் மட்டும். திருச்சியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வண்டிகள் வருகின்றன. அவள் போடும் வீடியோக்களை எல்லாம் பார்க்கிறேன். ஒன்றுக்கும் லைக் போடுவதில்லை. ஒருமுறை சின்னவன் போனைத் தட்டி லைக் விழுந்துவிட்டது. உடனே எடுத்தேன். எடுத்தது தெரிந்திருக்குமோ என்று இரண்டு நாள் யோசித்தேன்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள்.

"அக்கா, கப்பல் வண்டி இங்க வந்திருக்கு. பாய் அதே பைப்பு கேக்குறாரு. பக்கவாட்டுல முடியறது. கல்யாணத்துக்கு இனிமே தர்றதில்லன்னு முடிவு பண்ணிட்டாராம். மௌத்தாவுறதுக்குள்ள, கண்ண மூடுறதுக்குள்ள அந்தச் சத்தத்தக் கேட்டுடணும்னு சொல்றாரு."

"போட்டுக் குடு. எங்கிட்ட ஏன் கேக்குற?"

பின்னால் ஏதோ எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. "அன்னிக்கு நீங்க வேண்டாம்னு சொன்னதுல பாதி சரிக்கா. எந்தப் பாதின்னு எனக்கு இன்னும் புரியல. நீங்க சரின்னு சொன்னாத்தான் போடுவேன். இல்லன்னா பாய்கிட்ட முடியாதுன்னு சொல்லிடுவேன். சனிக்கெழம வாங்க, வண்டியப் பாத்துட்டே சொல்லுங்க. பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

சரி என்று சொல்லியிருக்கலாம். அந்த மனிதர் ஆசைப்பட்டது ஒரே ஒரு சத்தம். அதை நான் ஒருமுறை பறித்தாகிவிட்டது. ஆனால் போனை வைத்த கையோடு மாமியார் வந்து கேட்டார். "அந்தக் கப்பல் வண்டிக்கார பாயி ஒனக்குத் தெரிஞ்சவருதான? செட்டிகுளத்துல என் தம்பி மகனுக்கு தையில கல்யாணம். நீ ஒரு வார்த்த சொல்லு, தருவாரு." தரமாட்டாராம் என்றேன். "வூட்டு வாசல்ல போயி நின்னா எப்படி இல்லம்பாரு?" என்றார். பாயைப் பற்றி எனக்குத் தெரியும். யார் வாசலில் வந்து நின்றாலும் அவர் இல்லை என்று சொன்னதில்லை.

வேண்டாம் என்று சொல்லலாம். இந்த முறை காரணம் கையில் இருக்கிறது, வண்டி மறுபடி ஊர்வலத்துக்குத்தான் போகும். ஆனால் சுகன்யாவின் கையால், சுகன்யாவின் ஒர்க்‌ஷாப்பில், அந்தப் பைப் பொருத்தப்பட்டு, பாய் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்பதையும், அது வீடியோவாக வருவதையும், ஊரே பார்ப்பதையும் இப்போதே என்னால் பார்க்க முடிகிறது. அதைப் பார்க்கும்போது நெஞ்சில் ஏற்படும் எரிச்சல் எனக்கு நன்றாகத் தெரிந்த எரிச்சல். கோலிக்குண்டு உருண்ட நாளிலிருந்து தெரிந்தது.

அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். உங்களுக்கு சுகன்யாவைத் தெரியாது. அவள் பட்டுப்புடவையில் காரிலிருந்து இறங்கியதை நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் பிள்ளை உங்கள் கையை உதறிவிட்டு அவளிடம் ஓடவில்லை. நீங்கள் வண்டியை வண்டியாக மட்டும் பார்க்கலாம். வண்டி எங்கே போகும், யார் பக்கத்தில் நடப்பார்கள், ஓட்டுகிறவர் யார், அவர் எவ்வளவு காலம் காத்திருந்தார் என்பதையெல்லாம் சொல்லிவிட்டேன். எதையாவது மறைத்துச் சொல்லியிருக்கிறேனா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை நான் அரியலூர் பஸ் ஏறுவதற்குமுன் எழுதுங்கள். அந்தப் பைப்பைப் போடச் சொல்லட்டுமா, வேண்டாமா?